அடுத்த பாட்டு யார் கையில்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சுநடையை முடிந்த அளவு அப்படியே விட்டிருக்கிறோம்.)

சேலையூரிலிருந்து பேசுறேன். இன்னிக்கு எபிசோடு ஷஃபிள் பட்டனைப் பத்தி. உங்க போன்ல ரெண்டு அம்புக்குறி ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போற மாதிரி ஒரு சின்ன படம் இருக்கே, அதேதான். அதை அழுத்தினா நம்மகிட்ட இருக்கிற பாட்டெல்லாம் முன்பின்னா, வரிசை இல்லாம வரும். இதுல என்னங்க வரலாறுன்னு கேப்பீங்க. தமிழ்நாட்டுல இதுக்குக் கிட்டத்தட்ட எண்ணூறு வருஷக் கதை ஒண்ணு இருக்கு. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

கயிறு விழுந்த இடம்

இப்போ கடலூர் மாவட்டத்துல இருக்கிற பெண்ணாடம். சைவ மரபு சொல்ற கதை இது. பதிமூன்றாம் நூற்றாண்டுல அங்கே அச்சுத களப்பாளர்னு ஒருத்தர் இருந்தார். அவருக்குக் குழந்தை இல்லை. தன் குரு சகலாகம பண்டிதர்கிட்ட போய் என்ன செய்யலாம்னு கேட்டார். குரு தேவாரச் சுவடியை வெச்சுப் பூஜை பண்ணி, ஓலைகளுக்கு நடுவுல ஒரு கயிறைச் செருகச் சொன்னார். கயிறு விழுந்த இடத்துல எந்தப் பதிகம் இருக்கோ அதுதான் பதில். சம்பந்தர் பாடின திருவெண்காட்டுப் பதிகம் வந்துச்சு. தம்பதி திருவெண்காட்டுக்குப் போனாங்க, குளத்துல நீராடினாங்க, குழந்தை பிறந்துச்சு. அந்தக் குழந்தைதான் பின்னாடி சிவஞான போதம் எழுதின மெய்கண்டார்னு மரபு சொல்லுது. இதுக்குப் பேர் 'கயிறு சாத்திப் பார்க்கிறது'.

இதை நம்புறதும் நம்பாததும் உங்க விருப்பம். எனக்கு இதுல சுவாரசியமா படறது அந்தச் செயல்முறை. கையில ஒரு பாட்டுத் தொகுப்பு இருக்கு. நூத்துக்கணக்கான பாட்டு. எதையும் தேர்ந்தெடுக்காம, விழுற இடத்துல இருக்கிற பாட்டை எடுத்துப் படிக்கிறாங்க. "நான் தேர்ந்தெடுக்கல, அதுவா வந்துச்சு"ங்கிறதுதான் அந்தப் பாட்டுக்கு ஒரு கனத்தைக் கொடுக்குது.

இதே காலத்துக்கு முந்தி இன்னொரு உதாரணம், நம்ம பக்கத்துலயே. உத்திரமேரூர் கல்வெட்டு, முதலாம் பராந்தக சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டோட முதல் பாதி. குடவோலை முறை, ஸ்கூல்ல எல்லாரும் படிச்சிருப்போம். தகுதியானவங்க பேரை ஓலையில எழுதி, குடத்துல போட்டு, குலுக்கி, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. இங்கே கடவுள்கிட்ட பதில் கேக்கல. மனுஷன் கை வெச்சுடக் கூடாதேங்கிற கவலைதான்.

ஆக, வரிசையைக் கலைக்கிறதுக்கு நம்ம ஊர்ல ரெண்டு பழைய காரணம் இருந்திருக்கு. ஒண்ணு, பதில் கேக்குறதுக்கு. இன்னொண்ணு, நியாயத்துக்கு. மூணாவது காரணம் ஒண்ணு ரொம்பப் புதுசு: சும்மா ஒரு சந்தோஷத்துக்கு. அடுத்து என்ன வரும்னு தெரியாம, ஆனா வர்றது எதுவா இருந்தாலும் நம்மளோடதுங்கிற நம்பிக்கையோட பாட்டுக் கேக்குறது.

இந்த மூணாவதுக்கு ரெண்டு விஷயம் தேவை. கையில நிறைய பாட்டு சொந்தமா இருக்கணும். ஒரு பாட்டுலேருந்து எங்கேயோ இருக்கிற இன்னொரு பாட்டுக்கு நொடியில தாவ முடியணும். இந்த ரெண்டும் ஒண்ணா வந்து சேர நூறு வருஷம் ஆச்சு.

மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்திரு

1902-ல் ஃபிரெட் கைஸ்பெர்க் லண்டனிலிருந்து கல்கத்தா வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். இந்தியாவில் இசைத்தட்டுத் தொழில் அங்கிருந்து தொடங்குது. அந்தத் தட்டுகள் அரக்கால செஞ்சது. பத்து அங்குலத் தட்டுல ஒரு பக்கத்துக்குச் சுமார் மூணு நிமிஷம்தான் பாட்டு. முடிஞ்சதும் எழுந்து போகணும், தட்டைத் திருப்பணும், சாவி கொடுக்கணும், ஊசியை மாத்தணும். எஃகு ஊசி ஒரு பக்கம் ஓடினாலே தேஞ்சுடும்.

தமிழ்நாட்டுல இது பெருசாப் பரவினது 1920-களோட கடைசியில. தமிழ் சினிமா பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பா மாதிரி நாடக மேடை நட்சத்திரங்களோட குரல் தட்டுல வந்துடுச்சு. ஸ்டீஃபன் ஹ்யூஸ்ங்கிற ஆய்வாளர் இதைப் பத்தி விரிவா எழுதியிருக்கார். நாடகப் பாட்டு தட்டுக்கு வந்து, தட்டு வியாபாரிகள்ல சில பேர் சினிமாவுக்குப் போன பாதை அது. ஏவி. மெய்யப்பன் அதுக்கு நேரடி உதாரணம். ஸ்டூடியோ முதலாளி ஆகுறதுக்கு முன்னாடி மெட்ராஸ்ல சரஸ்வதி ஸ்டோர்ஸ்ங்கிற பேர்ல இசைத்தட்டு வியாபாரம் பண்ணினவர் அவர்.

ஆனா வீட்டுல கிராமபோன் வெச்சிருந்தவங்க கொஞ்சம் பேர்தான். பெரும்பாலான ஜனங்களுக்குத் தட்டைப் போட்டது மைக்செட்காரர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எதுவா இருந்தாலும் மரத்துல குழாய் ஸ்பீக்கரைக் கட்டிட்டு, ஒரு தகரப் பெட்டி நிறையத் தட்டோட உட்காருவார். முதல்ல பிள்ளையார் பாட்டு, அதுக்கப்புறம் சாமிப் பாட்டு, பொழுது ஏற ஏறப் புதுப்படப் பாட்டு. அடுத்த பாட்டு என்னங்கிறது முழுக்க அவர் கையில. ஊர்ல பெரிய மனுஷங்ககூட அவர்கிட்ட போய், "தம்பி, அந்தப் பாட்டைக் கொஞ்சம் போடுப்பா"ன்னு நிக்கணும்.

தனி மனுஷங்களோட சேகரிப்புன்னு சொன்னா, சென்னையில வி.ஏ.கே. ரங்காராவ் பேர்தான் முதல்ல வரும். பல பத்தாயிரம் இசைத்தட்டுகளைச் சேர்த்தவர். பழைய பாட்டைப் பத்தி எழுதுறவங்க அவர்கிட்ட போய்த் தேடாம இருந்ததில்லை. கம்பெனிகளே தூக்கிப் போட்ட பல தட்டுகள் இந்த மாதிரி தனி ஆட்களோட அலமாரியிலதான் பிழைச்சுக் கிடந்துச்சு. இந்த விஷயத்தை மனசுல வெச்சுக்கங்க, கடைசியில திரும்பத் தேவைப்படும்.

தபால் கார்டு போட்டு ஒரு பாட்டு

1938 ஜூன் 16. மெட்ராஸ்ல அகில இந்திய வானொலி நிலையம் தொடங்குது. இப்போ அடுத்த பாட்டு உங்க கையிலயும் இல்ல, மைக்செட்காரர் கையிலயும் இல்ல. நிலையத்துக்காரர் கையில.

அந்தக் கை எவ்வளவு பலமானதுன்னு 1952-ல தெரிஞ்சுது. பி.வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சர் ஆனார். சினிமாப் பாட்டு ஜனங்களோட ரசனையைக் கெடுக்குதுன்னு அவருக்கு உறுதியான எண்ணம். அகில இந்திய வானொலியில சினிமாப் பாட்டு கிட்டத்தட்டக் காணாமப் போச்சு. ஜனங்க என்ன பண்ணாங்க? முள்ளைத் திருப்பினாங்க. கடலுக்கு அந்தப் பக்கம் ரேடியோ சிலோன் இருந்துச்சு. 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி வந்து இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்குத் திரும்பினப்போகூட, தமிழ்நாட்டுக் கரையோர ஊர்கள் கொழும்பை விடல. 'பொங்கும் பூம்புனல்' கேட்டுத்தான் பல வீட்டுல காலையில அடுப்பு பத்தும்.

அங்கேதான் நேயர் விருப்பம். ஒரு தபால் கார்டுல பாட்டோட பேரையும் வீட்டுல உள்ள எல்லார் பேரையும் எழுதிப் போடணும். பாட்டு வருமா வராதா, எப்போ வரும், யாருக்கும் தெரியாது. வந்தா, பாட்டைவிட அறிவிப்பாளர் நம்ம பேரைப் படிச்சதுதான் தெருவுக்கே செய்தி.

அதே இலங்கை வானொலியில இன்னொரு நிகழ்ச்சி, பி.எச். அப்துல் ஹமீத் நடத்தின 'பாட்டுக்குப் பாட்டு'. பின்னாடி டிவிலயும் வந்துச்சு, உங்கள்ல சில பேருக்கு ஞாபகம் இருக்கும். கொடுத்த எழுத்துல அடுத்த பாட்டைப் பிடிக்கணும். இதுல எந்த மெஷினும் கிடையாது. கலெக்ஷன் மண்டைக்குள்ள இருக்கு. எழுத்து வந்து விழும், பத்து வருஷமா நினைக்காத ஒரு பாட்டு எங்கிருந்தோ எழுந்து வாய்க்கு வரும். மெஷின் இல்லாத ஷஃபிள் அது. கரண்ட் போன ராத்திரிகள்ல மொட்டைமாடியில விளையாடினவங்களுக்குத் தெரியும்.

கேம்ப் ரோடும் ரெக்கார்டிங் சென்டரும்

பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகப்படுத்தினது 1963-ல். நம்ம ஊர்ல அது வெள்ளமா வந்தது எழுபதுகளோட கடைசியிலயும் எண்பதுகளிலயும். ரெண்டு வழியா வந்துச்சு. இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது ஒண்ணு. துபாய், குவைத்னு வேலைக்குப் போனவங்க லீவுல வரும்போது தோள்ல தூக்கிட்டு வந்த டூ-இன்-ஒன் இன்னொண்ணு. அதுவரைக்கும் இந்தியாவுல இசைத்தட்டுன்னாலே எச்.எம்.வி.தான்னு இருந்த நிலைமை சில வருஷத்துல உடைஞ்சுது. சின்னச் சின்ன கம்பெனிகள் நூத்துக்கணக்குல முளைச்சுது. பீட்டர் மேனுவல் 1993-ல வட இந்தியாவை வெச்சு ஒரு புத்தகமே எழுதினார், 'கேசட் கல்ச்சர்'னு. தமிழ்நாட்டுக்கும் அது பெருமளவு பொருந்தும்.

எங்கப்பா எண்பதுகளோட நடுவுல சேலையூருக்கு வந்தார். அப்போ இது தாம்பரத்துக்கு ஓரத்துல ஒரு ஏரிக்கரைக் கிராமம். கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல நகரத்துக்குள்ளேருந்து தாம்பரத்துக்கு இடம் மாறினப்போ ஒரு ஹாஸ்டலுக்குச் 'சேலையூர் ஹால்'னு பேர் வெச்சாங்க. வெளியூர்க்காரங்க நிறைய பேருக்கு இந்த ஊர் பேர் தெரிஞ்சதே அதனாலதான். அப்பா வாங்கின முதல் சொத்து ஒரு டேப் ரெக்கார்டர். கேம்ப் ரோடு பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்துச்சாம். அந்தக் கடை இப்போ இல்ல.

இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்காக ரெக்கார்டிங் சென்டர்னா என்னன்னு சொல்லிடுறேன். நீங்க ஒரு காலி கேசட்டும், கோடு போட்ட தாள்ல எழுதின லிஸ்ட்டும் கொண்டு போய்க் கொடுப்பீங்க. கடைக்காரர்கிட்ட எல்பி ரெக்கார்டு, கேசட் எல்லாம் அடுக்கி இருக்கும். ரெண்டு நாள் கழிச்சுப் போனா உங்க பாட்டெல்லாம் பதிஞ்சு தருவார். காப்பிரைட் சட்டப்படி அது சரியில்ல. ஆனா ஊர் ஊருக்கு அது நடந்துச்சு.

சி-60 கேசட்னா பக்கத்துக்கு முப்பது நிமிஷம். பக்கத்துக்கு ஆறு, ஏழு பாட்டு. மொத்தம் பன்னெண்டு, பதினாலு. அதனால அந்த லிஸ்ட் எழுதுறதுக்கே ரெண்டு நாள் யோசிப்பாங்க. ஒரு பாட்டை உள்ள விட்டா இன்னொண்ணு வெளியே போகணும். எதுக்கு அடுத்து எது வரணும், சோகப் பாட்டு எந்தப் பக்கம், கடைசியில ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்தா என்ன போடுறது, எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. தமிழ்நாட்டுல ஜனங்க தன் கையால அடுத்த பாட்டை முடிவு பண்ணினது பரவலா இங்கேதான் ஆரம்பிக்குது.

ஆனா ஒரு தடவை பதிஞ்சிட்டா அந்த வரிசை கல்வெட்டு மாதிரி. டேப் ஒரு நீளமான நாடா. மூணாவது பாட்டுலேருந்து பத்தாவது பாட்டுக்குத் தாவ முடியாது. ஓட்டித்தான் ஆகணும், இல்லாட்டி பேட்டரி மிச்சம் பிடிக்க பென்சிலைச் செருகிச் சுத்தணும். அதனால அந்த வரிசை உடம்போட ஒட்டிக்கும். எங்க வீட்டுல ஒரு பாட்டு ரேடியோவுல முடிஞ்சா, அடுத்து வேற பாட்டு வர்றது அப்பாவுக்கு இன்னிக்கும் தப்பாத்தான் கேக்கும். அந்தக் கேசட்ல அதுக்கு அடுத்து இருந்த பாட்டோட முதல் இசை அவர் மண்டையில தானா தொடங்கிடும். உங்க அப்பா அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, இதையேதான் சொல்லுவாங்க.

பீச் ஸ்டேஷன்ல இறங்கி

கேசட்டுக்கு அப்புறம் சிடி. எண்பதுகளோட சிடி பிளேயர்கள்லயே 'ரேண்டம்' பட்டன் வந்துடுச்சு. ஆனா ஒரு சிடிக்குள்ள இருக்கிற பத்து, பன்னெண்டு பாட்டைக் கலைச்சு என்ன ஆகப் போகுது?

மாத்தினது எம்பி3. ஜெர்மனியில ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்துல பல வருஷம் வேலை பார்த்து, 1995 ஜூலையில '.எம்பி3'ங்கிற பேரை முடிவு பண்ணாங்க. நம்ம காது கவனிக்காத சத்தங்களைத் தூக்கிட்டு மிச்சத்தைச் சுருக்கி வைக்கிற முறை. அந்தக் காலத்து வழக்கமான தரத்துல ஒரு நிமிஷப் பாட்டுக்குச் சுமார் ஒரு எம்பி. 700 எம்பி சிடியில 140, 150 பாட்டு.

இது சேலையூர்க்காரங்களுக்கு என்ன அர்த்தம்னா, தாம்பரம் ஸ்டேஷன்ல எலக்ட்ரிக் ட்ரெய்ன் ஏறிக் கடைசி ஸ்டாப் பீச்ல இறங்குறது. 1931-லேருந்து ஓடுற வழித்தடம் அது. பீச் ஸ்டேஷன்லேருந்து நடந்தா பர்மா பஜார். பர்மாவுலேருந்து திரும்பி வந்தவங்களுக்காக 1969-ல அமைஞ்ச கடைவரிசை. ரெண்டாயிரத்தோட தொடக்கத்துல அங்கே மேலட்டையில '150 பாடல்கள்'னு போட்ட எம்பி3 சிடி அடுக்கி வெச்சிருப்பாங்க. எல்லாம் திருட்டு சிடி. பாடினவங்களுக்கும் எழுதினவங்களுக்கும் அதுலேருந்து பைசா போகல, அதை மறைக்கிறதுக்கில்ல.

ஆனா கேக்குறவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. பன்னெண்டு பாட்டுக்கு ரெண்டு நாள் லிஸ்ட் எழுதின அதே அப்பா, 150 பாட்டை ஒரே நாள்ல வாங்கிட்டு வந்தார். அஞ்சு வருஷத்துல வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஆயிரம் தாண்டிடுச்சு. ஆயிரம் பாட்டுக்கு யாரும் லிஸ்ட் எழுத முடியாது. அப்போதான் கலைச்சுப் போடுன்னு மெஷின்கிட்டயே கொடுக்க வேண்டிய தேவை வருது.

2001 அக்டோபர்ல ஐபாட். 2005 ஜனவரியில ஐபாட் ஷஃபிள். அதுல திரையே கிடையாது, என்ன பாட்டு ஓடுதுன்னுகூடப் பார்க்க முடியாது. ஒரு குறையையே விற்பனைச் சரக்கா மாத்தினாங்க. "வாழ்க்கையே ரேண்டம்தான்"ங்கிற மாதிரி விளம்பரம். ஐபாட் பத்தி ஸ்டீவன் லெவி 2006-ல எழுதின 'தி பெர்ஃபெக்ட் திங்' புத்தகத்துல, பிரதிக்குப் பிரதி அத்தியாய வரிசை மாறி இருக்கும். புத்தகத்தையே ஷஃபிள் பண்ணிட்டார்!

பைக்குள்ள சீட்டு

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, சின்னக் கணக்கு.

ரேண்டம் வேற, ஷஃபிள் வேற. ஆயிரம் பாட்டு இருக்கு, ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிட்டு ஒண்ணு எடுத்து, கேட்டுட்டுத் திரும்ப உள்ளே போடுறோம்னு வைங்க. நாப்பது பாட்டு முடியறதுக்குள்ள, கேட்ட பாட்டே மறுபடி வர்றதுக்குப் பாதிக்கு மேல வாய்ப்பு இருக்கு. நமக்கு எரிச்சல் வரும். அதனால ஷஃபிள்ல எடுத்த சீட்டைத் திரும்பப் போடுறதில்ல. எல்லாப் பேரையும் ஒரு பையில போட்டு, ஒண்ணு ஒண்ணா எடுத்து, வந்த வரிசையில அடுக்கணும், பை காலியாகுற வரைக்கும். 1938-ல ஃபிஷர், யேட்ஸ்னு ரெண்டு புள்ளியியல் நிபுணர்கள் வேளாண் ஆராய்ச்சிக்கான அட்டவணைப் புத்தகத்துல எழுதின முறை இது. மெட்ராஸ்ல ரேடியோ ஸ்டேஷன் வந்த அதே வருஷம். கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி அதை 1964-ல மாத்தி எழுதினாங்க. அடிப்படையில, குடத்துக்குள்ள கை விட்டு ஓலை எடுக்கிற அதே வேலைதான். வெறும் பத்துப் பாட்டு இருந்தாலே 36,28,800 விதமா அடுக்கலாம்.

இவ்வளவு நியாயமா கலைச்சும் ஜனங்க ஆப்பிள்கிட்ட புகார் சொன்னாங்க. "என் ஐபாட் ஒரே ஆளோட பாட்டையே போடுது, இது ரேண்டம் இல்ல"ன்னு. என் ஹார்ட் டிஸ்க்கை வெச்சே பார்ப்போம். அதுல 3,180 பாட்டு இருக்கு. மூணுல ஒரு பங்கு இளையராஜா. நேர்மையா கலைச்சு இருபது பாட்டுக் கேட்டா, ராஜாவுக்கு அடுத்து உடனே ராஜா வர்றது சராசரியா ரெண்டு தடவை நடக்கும். மூணு ராஜா தொடர்ந்து வந்தாலும் ஆச்சரியமில்ல. ஆனா நம்ம மனசு அதை ஒரு திட்டமாத்தான் பார்க்கும்.

இரண்டாம் உலகப்போர்ல லண்டன் மேல ஜெர்மன் பறக்கும் குண்டுகள் விழுந்தப்பவும் இதேதான். சில பகுதிகளைக் குறி வெச்சு அடிக்கிறாங்கன்னு ஜனங்க நம்பினாங்க. ஆர்.டி. கிளார்க்னு ஒருத்தர் தெற்கு லண்டனை 576 கட்டமா பிரிச்சு, விழுந்த 537 குண்டையும் எண்ணிப் பார்த்து, 1946-ல எழுதினார்: குறி எதுவும் இல்ல, எல்லாம் தற்செயல். தற்செயல்னா சமமா பரவுறது இல்ல. அது கொத்துக் கொத்தாத்தான் விழும்.

ஆப்பிள் என்ன பண்ணுச்சு தெரியுமா? 2005 செப்டம்பர்ல 'ஸ்மார்ட் ஷஃபிள்'னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. ரேண்டமா தோணணுங்கிறதுக்காக ரேண்டமைக் குறைச்சாங்க. 2014-ல ஸ்பாட்டிஃபையும் அதே மாதிரி, ஒரே கலைஞரோட பாட்டுகளைத் தள்ளித் தள்ளி வைக்கிற முறைக்கு மாறினதா வெளிப்படையாவே எழுதுச்சு.

இங்கே ஒண்ணு கவனிக்கணும். குடவோலையில மனுஷன் கையை எடுக்கத்தான் குலுக்கினாங்க. ஷஃபிள்ல மறுபடி ஒரு கை உள்ளே வந்துடுச்சு. நம்மளைச் சந்தோஷப்படுத்துற கைதான், ஒத்துக்கிறேன். ஆனா அது நம்ம கை இல்ல.

இருமலோட ஒரு பாட்டு

போன வருஷம் ஒரு வேலை பண்ணேன். வீட்டுல இருந்த கேசட்டு, எம்பி3 சிடி, பழைய போன் மெமரி கார்டு எல்லாத்தையும் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டு வந்தேன். அதுதான் நான் சொன்ன 3,180. நிறுத்தாம கேட்டா பத்து நாள் ஓடும். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம், தாவாம, ஸ்கிப் பண்ணாம கேக்குறதுன்னு வெச்சுக்கிட்டேன்.

அப்போ புரிஞ்சுது, இது என் கலெக்ஷன் இல்ல. நாலு பேரோடது. அப்பாவோட பி.பி. ஸ்ரீனிவாஸ், அம்மாவோட கந்த சஷ்டி, அக்காவோட காலேஜ் காலத்து ரஹ்மான், என்னோட தனிப்பாட்டுகள். நானா தேடிப் போட்டா நான் என்னோடதை மட்டும்தான் கேப்பேன். ஷஃபிள் மத்த மூணு பேரையும் நடு ஹாலுக்குக் கூட்டிட்டு வந்துச்சு.

அதுல ஒரு ஃபைல். எங்க அத்தை நாகப்பட்டினத்துல இருந்தவங்க. அங்கே இலங்கை வானொலி உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி தெளிவா கேக்கும். டூ-இன்-ஒன்ல நேரா ரேடியோவுலேருந்தே பதிஞ்ச கேசட் அது. அட்டையில அத்தை கையெழுத்துல 1982-ன்னு இருக்கு. பாட்டு தொடங்கும்போது அறிவிப்பாளர் குரல் மேல ஏறி இருக்கும். நடுவுல மைக் பக்கம் யாரோ இருமுறாங்க. அப்புறம் அத்தை குரல், அடக்கின குரல்ல: "சத்தம் போடாதீங்கடா, பதியுதுல்ல." அவ்வளவுதான். ரெண்டு செகண்டு.

அத்தை இறந்து ஆறு வருஷம் ஆகுது. அந்தப் பாட்டு எல்லா ஆப்புலயும் இருக்கு, இதைவிட நூறு மடங்கு சுத்தமான ஒலியில. ஆனா அந்த ரெண்டு செகண்டு உலகத்துல எந்த சர்வர்லயும் கிடையாது. அப்பா அன்னிக்கு எதுவும் சொல்லல. மறுநாள், "அந்த அக்கா கேசட்டு எந்த ஃபோல்டர்ல இருக்கு?"ன்னு மட்டும் கேட்டார்.

வாடகைப் பாட்டு

இப்போ எதுக்காக இதைச் சொல்றேன்னா, இன்னிக்கு நம்மள்ல பெரும்பாலானவங்ககிட்ட கலெக்ஷனே இல்ல. கலெக்ஷன் மாதிரி தோணுற ஒரு பட்டியல்தான் இருக்கு.

ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரி. சில வாரத்துலயே சரிகமாவோட தகராறு டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், சரிகமா பாட்டுகள் அந்த ஆப்லேருந்து எடுக்கப்பட்டுச்சு. சரிகமான்னா பழைய எச்.எம்.வி. நம்ம தாத்தா பாட்டி காலத்து தமிழ்ப் பாட்டுல பெரும் பங்கு அவங்ககிட்டதான். 2020-ல ஒப்பந்தம் ஆகித் திரும்ப வந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மேல, கோடிக்கணக்கான பாட்டு இருக்கிற ஒரு கடலுக்குள்ள அந்தப் பழைய பாட்டுகள் இல்ல. 2023-ல ஜீ மியூசிக் பாட்டுகள் அதே மாதிரி போச்சு. 2024-ல விங்க் மியூசிக் ஆப்பே மூடப்பட்டுச்சு. இதுல யார் சரி யார் தப்புங்கிறது என் பேச்சு இல்ல, வியாபாரத்துல ஒப்பந்தம் முறியும், கம்பெனி மூடும், அது சகஜம். ஆனா அந்தப் பட்டியலுக்குள்ள உங்க காலேஜ் மூணு வருஷம் இருந்தா, அதுவும் சேர்ந்து போகுது.

இன்னொண்ணும் இருக்கு. ஆப் உங்களுக்குப் போடுற 'அடுத்த பாட்டு' நீங்க ஏற்கனவே கேட்டதை வெச்சுக் கணக்குப் போட்டு வருது. உங்க அக்கா, அத்தை, அப்பா அந்தக் கணக்குல வர மாட்டாங்க. உங்களையே உங்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டும். சொந்தக் கலெக்ஷனை ஷஃபிள்ல விடும்போது வர்றது வேற. நீங்க மறந்துபோன நீங்க, உங்களுக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்தவங்க.

நான் ஆப்பை விட்டுடுங்கன்னு சொல்லல. நானே தினம் கேக்குறேன். பாடினவங்களுக்கு எழுதினவங்களுக்குச் சட்டப்படி ஏதோ கொஞ்சமாவது போகுது, திருட்டு சிடி காலத்துக்கு அது எவ்வளவோ மேல். புதுப் பாட்டுக்கு ஆப், சரி. ஆனா வீட்டுல கிடக்கிறதை விட்டுடாதீங்க. ரங்காராவ் மாதிரி ஆட்கள் எடுத்து வெச்சதாலதான் பல பழைய தட்டுகள் தப்பிச்சுதுன்னு சொன்னேன் இல்லையா? அந்த வேலையை இப்போ ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருத்தர் பண்ண வேண்டியிருக்கு.

பெரிய செலவு இல்ல. ஓடுற நிலைமையில ஒரு கேசட் பிளேயர், அதோட ஹெட்போன் ஓட்டையிலேருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டின்னு இலவச மென்பொருள். மூணு போதும். சுருக்காம பதிஞ்சா ஒரு சி-60 கேசட்டுக்குச் சுமார் 600 எம்பி ஆகும். டேப்ல வெள்ளையா பூஞ்சை பிடிச்சிருந்தா அப்படியே ஓட்டாதீங்க, பிளேயரும் கெட்டுடும், நம்ம சென்னை ஈரப்பதத்துல அது ரொம்ப சகஜம். வீட்டுல எழுதின சிடி இருந்தா அதை முதல்ல பாருங்க, இருபது வருஷம் ஆன எழுதின சிடி பலதும் இப்போ படிக்காது. எடுத்ததை ரெண்டு இடத்துல வைங்க. ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பாதீங்க. முக்கியமா, பாட்டுக்கு நடுவுல வர்ற பேச்சு, இருமல், குக்கர் விசில் எதையும் வெட்டாதீங்க.

போகி வருது. எங்க தெருவுல ஒவ்வொரு போகிக்கும் குப்பைமேட்டுல கேசட் பெட்டி ஒண்ணாவது பார்ப்பேன், நாடா வெளியே வந்து காத்துல ஆடிக்கிட்டு இருக்கும். இந்த வருஷம் பரண்லேருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கும்போது, தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அட்டையில யார் கையெழுத்துன்னு மட்டும் பாருங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.